புத்தகம் தின்னப் போன கொறிச்சி

அல்லிக்குளத்துக் காட்டில் கொறிச்சி என்றொரு வெள்ளாடு இருந்தாள். தின்னக்கூடாது என்று அவள் ஒதுக்கி வைத்த பொருள் அந்தக் காட்டில் ஒன்றும் கிடையாது. இலை தின்பாள், பட்டை தின்பாள், காய்ந்த கொடி தின்பாள். ஒருநாள் கரடி குளித்துவிட்டு வெயிலில் முதுகைக் காயவைத்துக்கொண்டிருந்தான். கொறிச்சி சத்தம் காட்டாமல் வந்து அவன் முதுகில் ஒரு வாய் கடித்துவிட்டாள்.

"ஐயோ அம்மா!" என்று கரடி துள்ளினான்.

"மன்னிச்சுக்கோ! வைக்கோல்னு நினைச்சுட்டேன்!" என்றாள் கொறிச்சி, மென்றுகொண்டே.

குளக்கரையில் ஓர் இலுப்பை மரம் நின்றது. அதன் பெரிய பொந்துதான் காட்டின் நூலகம். தேக்கு இலையில் எழுதி, தையல்சிட்டு நாரால் தைத்துக் கொடுத்த புத்தகங்கள் அங்கே அடுக்கியிருந்தன. மரத்தடியில் சாயங்காலம் தோறும் ஒரு வகுப்பு நடக்கும். அதற்கு 'அவரவர் கதை' என்று பெயர். கோடையில் தாங்கள் மண்ணுக்குள் ஒளிந்திருந்த கதையைத் தவளைகள் எழுதி வைத்திருந்தன. தாங்கள் தோண்டிய வளையில் பாம்பு குடிவந்த கதையைப் பெருச்சாளிகள் எழுதியிருந்தன. தங்கள் தேனை யார் யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதைத் தேனீக்கள் எழுதியிருந்தன. யாருடைய கதையை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

வகுப்பை நடத்தியவள் அன்னக்காமு என்ற காக்கை. குரல் கரகரப்புதான். ஆனால் அவள் வாசிக்கத் தொடங்கினால் குளத்து மீன்கூடத் தலையைத் தூக்கிக் கேட்கும்.

காக்கைகளும் ஒரு புத்தகம் எழுதியிருந்தன. 'எங்கள் கூடு' என்பது அதன் பெயர். வம்பு அதில்தான் தொடங்கியது.

ஒருநாள் காலையில் குயில் கானமணி, காட்டின் தலைவர் மயில் தோகைவேலுவிடம் பறந்து வந்தார். கானமணி பெரிய பாடகர். அவர் வாயைத் திறந்தால் மாமரம் பூத்துவிடும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"தலைவரே! அநியாயம்! அந்தக் காக்கைப் புத்தகத்தில் எங்கள் இனத்தைக் கேவலமாக எழுதியிருக்காங்க! நாங்கள் முட்டையைக் காக்கைக் கூட்டில் வைத்துவிட்டுப் போகிறோமாம்! எங்கள் பிள்ளைகள் வகுப்பில் அதைக் கேட்டால் மனசு உடைந்துபோகாதா? அதுகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் யார் பாடுவது?"

தோகைவேலு எந்த வழக்கு வந்தாலும் முதலில் தோகையைச் சரிசெய்வார். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் அழகு என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் காது கேட்கும். "அடடா! அப்படியா எழுதியிருக்கு! நீங்க படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? கேள்விப்பட்டாலே வயிறு எரியுது!"

"சரிதான். எரிகிற வயிற்றோடு எப்படிப் படிப்பது?" என்று தோகைவேலு ஒத்துக்கொண்டார். "அந்தப் புத்தகம் இனி இருக்கக் கூடாது. ஆனால் எப்படி இல்லாமல் செய்வது?"

அப்போது பக்கத்துப் புதரில் 'கறுக் முறுக்' என்று சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கொறிச்சி தலைவர் உட்காரும் கிளையைத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கே கொறிச்சி அதிகாரியாகிவிட்டாள். தணிக்கை அதிகாரி!

"அப்படின்னா என்ன தலைவரே?"

"வேண்டாத புத்தகத்தைத் தின்கிறவர்."

"இதுக்கு ஒரு பதவியா! இத்தனை காலம் நான் சும்மாவா தின்னுக்கிட்டிருந்தேன்!"

"வேலை முடிந்தால் ஒரு கட்டு அகத்திக்கீரை. ஆனால் ஒன்று. சரியான புத்தகம்தானா என்று முதலில் படித்துப் பார். அப்புறம் தின்னு. தவறுதலாக என் 'வம்சப் பெருமை' புத்தகத்தைத் தின்றுவைக்காதே!"

கழுத்தில் ஒரு துத்திப்பூ மாலை போட்டு அனுப்பினார்கள். கொறிச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். இலுப்பை மரத்தை அடைவதற்குள் மாலையைத் தின்று முடித்திருந்தாள்.

பொந்தின் வாயிலில் அன்னக்காமு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அரசாங்க வேலையா வந்திருக்கேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்க. உங்க புத்தகத்தைத் தின்னணும்."

"வா கொறிச்சி. அதோ இருக்கு," என்றாள் அன்னக்காமு. அவள் தடுக்கவில்லை. அது கொறிச்சிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. முட்டித் தள்ளலாம் என்று கொம்பைத் தயாராக வைத்திருந்தாள்.

முதலில் அட்டையைத் தின்றாள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பிறகு தலைவர் சொன்னது நினைவுக்கு வந்து, முதல் இலையை எடுத்து மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'காலையில் இரை தேடப் போனேன். திரும்பி வந்தபோது கூட்டில் ஒரு புது முட்டை இருந்தது. அதன் புள்ளிகள் வேறு மாதிரி. என் முட்டைகளில் ஒன்றைக் காணவில்லை. எட்டிக் கீழே பார்த்தேன். அங்கே...'

இலை முடிந்துவிட்டது.

"அங்கே? அங்கே என்னக்கா?"

"அது அடுத்த இலையில்."

"அடுத்த இலை எங்கே?"

"இங்கே இல்லை. நீ வரப்போறேன்னு காடே பேசிச்சு. வகுப்புக்கு வர்ற எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. தையல்சிட்டு நாரைப் பிரிச்சா. ஆளுக்கு ஓர் இலையா எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரே வாயில் மொத்தமா போயிடக் கூடாதில்லையா?"

"யார் யார் வீட்டில் இருக்கு?"

"அதிகாரிகிட்ட அதைச் சொல்வேனா? நீ தின்னுடுவியே!"

"தின்ன மாட்டேன்!"

"தின்னாத தணிக்கை அதிகாரி உண்டா?"

"படிச்சுட்டுத் தின்கிறேன்!"

"அப்போ சொல்ல மாட்டேன்."

கொறிச்சி காலை உதைத்தாள். மரத்தைச் சுற்றி வந்தாள். கீழே எட்டிப் பார்த்தாளே அந்தக் காக்கை, என்ன பார்த்தாள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைக்கு அசைபோடவே முடியாது என்று தோன்றியது.

"சரிக்கா! என் தாடி மேல் சத்தியம்! ஓர் இலையையும் தின்ன மாட்டேன்! சொல்லுங்க!"

ஆட்டுக்குத் தாடியை விடப் பெரிய சத்தியம் கிடையாது. அன்னக்காமு அலகால் தெற்குப் பக்கம் காட்டினாள். "பெருச்சாளி மூக்காயி வளை."

மூக்காயி வளையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டாள். கொறிச்சி தலையை உள்ளே நுழைத்தாள். கொம்பு சிக்கிக்கொண்டது. மண்ணுக்குள் தலையும் வெளியே வாலுமாக நின்றபடியே அவள் இரண்டாம் இலையைக் கேட்டாள். இருட்டுக்குள்ளிருந்து மூக்காயி வாசித்தாள்.

'அங்கே வேர்களுக்கு நடுவில் என் முட்டை உடைந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.'

கொறிச்சி கொம்பை இழுத்து வெளியே வந்தாள். அவளுக்கும் குட்டிகள் உண்டு. வாயில் ஏதோ ஒரு தழை இருந்தது. அதை மென்று விழுங்க மறந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்படி நடந்ததே இல்லை.

"மூக்காயி, இது காக்கைங்க கதை. நீ எதுக்கு இதை ஒளிச்சு வெச்சிருக்கே? மாட்டினா தலைவர் சும்மா விடுவாரா?"

"இன்னைக்கு அவங்க கதை பிடிக்கலைன்னு தின்னச் சொன்னாங்க. பாம்புக்கு எங்க கதை பிடிக்குமா? நாளைக்கு நீ என் வளை வாசலில் வந்து நிப்பே. உன் கொம்பு வேற சிக்கும்!"

கொறிச்சி கொம்பிலிருந்த மண்ணை உதறினாள். "அடுத்த இலை?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த இலை தவளைகளிடம் இருந்தது. தவளைகள் அதை மனப்பாடமே செய்திருந்தன. கரையில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லின.

"அழுதுகொண்டே!" "அடை!" "காத்தேன்!" "புது!" "முட்டையும்!" "பொரிந்தது!" "குஞ்சுக்கு!" "சிவந்த!" "கண்!"

"வேகமாச் சொல்லுங்கப்பா!" என்று கொறிச்சி கெஞ்சினாள்.

"அப்போது!" "காற்று!" "பிடித்தது!" "கூடு!" "ஆடியது!" "குஞ்சு!" "விளிம்பில்!" "தொங்கியது!" "பிறகு!" "மழை!"

அவ்வளவுதான். மழை என்ற சொல் காதில் விழுந்ததும் தவளைகளுக்குக் கதை மறந்துவிட்டது. "மழை! மழை! மழை!" என்று குதிக்கத் தொடங்கிவிட்டன. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அதைப் பற்றி அவற்றுக்குக் கவலையும் இல்லை.

"குஞ்சு என்னாச்சு? விழுந்துச்சா? பிழைச்சுச்சா?" என்று கொறிச்சி கத்தினாள்.

"மழை! மழை!"

அடுத்த இலை யாரிடம் இருக்கிறது என்று தவளைகளுக்குத் தெரியவில்லை. கொறிச்சி முள்ளம்பன்றியைக் கேட்டாள். முயலைக் கேட்டாள். மரங்கொத்தியைக் கேட்டாள். தணிக்கை அதிகாரியைக் கண்டதும் பாதிப் பேர் ஓடி ஒளிந்தார்கள். மீதிப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இதற்குள் தலைவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. குயில் கேட்டதும் கிடைத்துவிட்டது என்ற செய்தி பரவியிருந்தது. கொறிச்சி இலை தேடி அலைவதும் தலைவர் காதுக்கு எட்டியிருந்தது. பெருச்சாளிப் புத்தகம் தன் குலத்தை ஓசி குடித்தனம் என்கிறது என்று பாம்பு புகார் கொடுத்தது. தேனீக்கள் தன்னைத் திருடன் என்று எழுதிவிட்டன என்று கரடி அழுதான்.

"உன் தாடையில் என்னப்பா ஒழுகுது?" என்று தோகைவேலு கேட்டார்.

"கண்ணீர், தலைவரே!" என்றான் கரடி, அதை நக்கிக்கொண்டே.

தோகைவேலுவுக்குத் தலை சுற்றியது. "எல்லாப் புத்தகத்தையும் தின்றுவிடலாம்! வகுப்பையும் மூடிவிடலாம்! இலையை ஒளித்து வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் இனி அல்லிக்குளத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது! நாளைக்கு உச்சி வேளையில் குளக்கரையில் எல்லாரும் கூடணும்!"

கோடை நடந்துகொண்டிருந்தது. காட்டில் வேறு குளம் இல்லை. அந்த அறிவிப்பைக் கேட்டதும் சிரித்துக்கொண்டிருந்த குரங்குகள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டன.

மறுநாள் உச்சி வேளைக்குக் காடு முழுக்கக் குளக்கரையில் கூடியது. நடுவில் ஒரு கட்டு அகத்திக்கீரை, பச்சைப் பசேலென்று. கொறிச்சியின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி உறுமியது.

"அதிகாரி கொறிச்சி! காக்கைப் புத்தகத்தைத் தின்றாயிற்றா?" என்று தோகைவேலு கேட்டார்.

கொறிச்சி கீரையைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள். மூக்காயி பயந்துபோய் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். அன்னக்காமு மட்டும் இவளை நேராகப் பார்த்தாள்.

"அட்டையைத் தின்னேன், தலைவரே."

"உள்ளே இருப்பது?"

"அதைத் தின்ன முடியாது. அதில் ஒரு குஞ்சு காற்றில் தொங்கிக்கிட்டிருக்கு!"

கூட்டம் சலசலத்தது. "யார் குஞ்சு?" என்று கானமணி கேட்டார்.

"உங்க குஞ்சுதான் ஐயா! சிவந்த கண்ணு! விழுந்துச்சா இல்லையான்னு தெரியாம எனக்கு நேத்திலேர்ந்து தீனி இறங்கலை!"

"எங்கள் குஞ்சா?" கானமணி கிளையில் இடம் மாறி உட்கார்ந்தார். "அது எங்களைத் திட்டுகிற புத்தகம் இல்லையா? கிளிதானே சொன்னான்!"

எல்லோரும் கிளியைப் பார்த்தார்கள். "நான் எங்கே படிச்சேன்? அணில் சொன்னான்!" என்றது கிளி.

எல்லோரும் அணிலைப் பார்த்தார்கள். "நான் அட்டையைத்தான் பார்த்தேன். ஒரு மாதிரி கறுப்பா இருந்துச்சு," என்றது அணில்.

"இப்போ அட்டையும் இல்லை," என்றாள் கொறிச்சி, குற்ற உணர்ச்சியோடு.

தோகைவேலு தோகையைப் படாரென்று விரித்தார். "பேச்சை மாற்றாதே! இலைகளை ஒளித்து வைத்திருப்பது யார்? அதைச் சொல்!"

கொறிச்சி வாயைத் திறக்கவில்லை. அவள் வாய் மூடியிருந்ததைக் காடு அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது.

"சொல்ல மாட்டாயா? அப்படியென்றால் குளம் உனக்கும் கிடையாது!"

அப்போது மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்த மூக்காயி நிமிர்ந்தாள். "என்கிட்ட ஒண்ணு இருக்கு!" என்றாள் கீச்சுக் குரலில்.

"எங்ககிட்ட ஒண்ணு!" என்றன தவளைகள்.

"என் முள்ளில் ஒண்ணு குத்தி வெச்சிருக்கேன்!" என்றது முள்ளம்பன்றி.

"என்னிடமும்!" "என்னிடமும்!" என்று கரையெல்லாம் குரல் எழுந்தது. இலையே கிடைக்காத முயலும் "என்னிடமும்!" என்று கத்தியது, தனித்து விடப்பட வேண்டாம் என்று.

தோகைவேலு சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேரையும் விரட்டிவிட்டால் தன் ஆட்டத்தைப் பார்க்க யார் மிச்சம் இருப்பார்கள்? தோகையைப் பாதி மடக்கினார். "சரி, சரி. வாசியுங்கள். கேட்டுவிட்டு விரட்டுகிறேன்."

வாசித்தார்கள். உடைந்த முட்டையை மூக்காயி வாசித்தபோது கானமணி தலையைத் திருப்பிக்கொண்டார். தவளைகள் தங்கள் முறைக்கு நன்றாகவே தொடங்கின. 'பிறகு' என்ற சொல் வந்ததும் அன்னக்காமு பாய்ந்து வந்து, அடுத்த சொல்லைத் தானே மெதுவாக, தவளைகளின் காதில் விழாமல் சொல்லிவிட்டாள். முள்ளம்பன்றியும் மற்றவர்களும் புயலடித்த இரவைப் பற்றிய இலைகளை வாசித்தார்கள்.

"கடைசி இலை?" என்று கொறிச்சி துடித்தாள். "கடைசி இலை யார்கிட்ட?"

"என்கிட்ட," என்று ஒரு குரல் வந்தது.

குயில் கூட்டத்தின் நடுவிலிருந்து புள்ளிக் குயில் சொர்ணம் இறங்கி வந்தாள். கானமணியின் தங்கை. "இது எங்க கதையும்தானேன்னு அன்னக்காமு அக்காகிட்ட நானே கேட்டு வாங்கிட்டுப் போனேன்," என்று சொல்லிவிட்டு, காலில் பற்றியிருந்த இலையை விரித்தாள்.

'ஒரு சிறகில் என் பிள்ளையை அணைத்தேன். மறு சிறகில் சிவந்த கண் குஞ்சை அணைத்தேன். கூடு பாதி பிய்ந்துபோனது. நாங்கள் பிழைத்தோம். விடிந்ததும் அது வேறு பாஷையில் கத்தியது. "இது உன் பிள்ளை இல்லை, தள்ளிவிடு" என்று அக்கம்பக்கம் சொன்னது. நான் சொன்னேன்: வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. முதல்ல ஊட்டுறேன். யாருன்னு அப்புறம் கேட்டுக்கலாம்.'

சொர்ணம் இலையை மடித்தாள்.

"அப்பாடா! பிழைச்சுடுச்சு!" என்று கொறிச்சி பெருமூச்சு விட்டாள். அவள் மூச்சில் முன்வரிசைத் தவளை ஒன்று குளத்தில் விழுந்தது.

தோகைவேலுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பிரமாதமான முடிவு! ஒரு யோசனை! அந்த உடைந்த முட்டை இலையை மட்டும் எடுத்துவிடலாம். மீதி இருக்கட்டும். குயிலுக்கும் வருத்தமில்லை, காக்கைக்கும் நஷ்டமில்லை!"

பலர் தலையாட்டினார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது அவர்களுக்கு.

"அந்த இலையைத் தர மாட்டோம்," என்றாள் அன்னக்காமு. அவள் குரல் என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கரகரத்தது. "மத்ததெல்லாம் நாங்க செஞ்சது. அது எங்களுக்கு நடந்தது."

"ஓர் இலைதானே அம்மா!"

"தலைவரே!" என்று கொறிச்சி குறுக்கே புகுந்தாள். "இரண்டாம் இலையை எடுத்துட்டா, மூணாம் இலையில் அந்த அம்மா எதுக்கு அழறாங்க? படிக்கிறவங்க வெங்காயம் உரிச்சாங்கன்னு நினைப்பாங்க! அந்த முட்டை போனதுக்கு அப்புறமும் சிறகை விரிச்சாங்களே, அதுதானே கதை! இதுகூடத் தெரியாம என்ன தணிக்கை!"

"நீதானம்மா தணிக்கை அதிகாரி!" என்றார் தோகைவேலு.

"ஆமாம் இல்லே!" என்று கொறிச்சி திகைத்தாள். "அப்போ இப்பவே வேலையை விட்டுட்டேன்!" கீரைக் கட்டை ஒருமுறை ஆசையோடு பார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

எல்லோரும் கானமணியைப் பார்த்தார்கள். புகார் அவருடையது. அவர் கிளையிலிருந்து இறங்கி அன்னக்காமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முட்டை உடைந்தது நிஜமா?" என்று அன்னக்காமுவிடம் கேட்டார்.

"நிஜம் ஐயா."

"சிறகு விரித்ததும்?"

"அதுவும் நிஜம்."

"இரண்டும் இருக்கட்டும்," என்றார் கானமணி. இத்தனை பேர் முன்னால் அழக்கூடாதே என்று பதறி, வழக்கம்போல் ஒரு பாட்டைத் தொடங்கிச் சமாளிக்கப் பார்த்தார். கழுத்தை நீட்டினார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தார்.

"கா!" என்றார்.

குளக்கரை திகைத்து நின்றது. கானமணியும் திகைத்தார். இன்னொரு முறை முயன்றார்.

"கா! கா!"

"ஐயா, எங்க கூட்டில் வளர்ற எந்தக் குஞ்சும் பசிச்சா அப்படிக் கேட்கக் கத்துக்கிடும்," என்றாள் அன்னக்காமு. யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. குரங்குகள் கிளையிலிருந்து விழுந்து சிரித்தன. பாம்பு சிரித்ததில் முடிச்சுப் போட்டுக்கொண்டது. கடைசியில் கானமணியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

புகார்கள் எல்லாம் தள்ளுபடியாயின. இனி எந்தப் புத்தகத்தின் மேல் புகார் சொல்வதாக இருந்தாலும், முதலில் அதை வகுப்பில் உட்கார்ந்து முழுதாகக் கேட்க வேண்டும் என்று தோகைவேலு உத்தரவிட்டார். கரடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேனீப் புத்தகத்தைக் கேட்கப் போனான். திரும்பி வந்தபோதும் அவனுக்குக் கோபம்தான். "ஆனால் அவங்க தேன் சேர்க்கிற பகுதி இருக்கு பாருங்க, அடேயப்பா!" என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னான்.

தையல்சிட்டு 'எங்கள் கூடு' புத்தகத்தை ஓர் இலைகூட விடாமல் சேர்த்துத் தைத்தாள். புது அட்டைக்கு வேப்ப இலையைப் போட்டாள், கசக்கட்டும் என்று.

சில நாள் கழித்துக் கானமணி வகுப்புக்கு வந்தார். "அன்னக்காமு அம்மா, எங்கள் பக்கத்துக் கதையையும் நாங்கள் எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க! பேரே அவரவர் கதைதானே!"

"ஆனால் முட்டையை ஏன் விட்டுவிட்டுப் போகிறோம் என்று எனக்கே தெரியாதே."

"தெரியலைன்னே எழுதுங்க. அதையும் கேட்கிறோம்."

"எழுதி முடிச்சதும் முதலில் என்கிட்டதான் தரணும்!" என்று பின்னாலிருந்து கொறிச்சி கத்தினாள்.

கானமணி எழுதக் கொண்டுவந்திருந்த இலையை அவசரமாகச் சிறகுக்குள் மறைத்தார்.

"படிக்கத்தான் ஐயா!"

அடுத்தவர் கதை தனக்குப் பிடிக்கவில்லை என்று கேட்காமலே அழிக்க நினைப்பவர், அந்தக் கதைக்குள் இருக்கும் தன் கதையையும் சேர்த்தே அழிக்கப் பார்க்கிறார்.